இரண்டு குழாய்கள், ஒரு மியூவான்: வீட்டிலேயே கதிர்வீச்சு உணரி கட்ட முழு வழிகாட்டி

கதிர்வீச்சுத் துகள்களை எண்ணும் கைகர் கருவி ஒன்றை முதல்முறையாகக் கட்டி, அது 'டிக்' என்று ஒலித்ததும் வேலை முடிந்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உண்மையான வேலை அந்த ஒலிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த 'டிக்' எங்கிருந்து வந்தது? தரையில் பதித்த கருங்கல்லிலிருந்தா, அறைக் காற்றில் இருக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவிலிருந்தா, தலைக்கு மேல் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்த மியூவான் என்னும் துகளிலிருந்தா? ஒற்றைக் குழாய்க்கு எண்ண மட்டுமே தெரியும். இந்தக் கேள்விக்கு அதனால் பதில் சொல்ல முடியாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழாய்களை வைத்து, இரண்டும் ஒரே கணத்தில் துடிக்கின்றனவா என்று பார்த்தால் பதில் கிடைக்கும். அந்த இடம் வரைக்கும் படிப்படியாகப் போவதுதான் இந்த வழிகாட்டி.

மேகக்கூடம் என்னும் கண்ணாடிப் பெட்டி முறையும் உண்டு. ஆல்கஹால் ஆவிக்குள் துகள்கள் கோடு கிழித்துப் போவதைக் கண்ணால் காணலாம், மிக அழகான காட்சி. ஆனால் அதற்கு மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் உலர்பனி வேண்டும். பெரும்பாலான ஊர்களில் அது நினைத்த நேரத்தில் கிடைக்காது, கிடைத்தாலும் சில மணி நேரத்தில் ஆவியாகிவிடும். இரவும் பகலும் வாரக்கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கும் கருவி வேண்டுமென்றால் கைகர் குழாய்தான் சரி.

எதை எண்ணப் போகிறோம்

1912 ஆகஸ்ட் 7 அன்று இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி 5,300 மீட்டருக்கும் மேல் போனார். மேலே போகப்போகக் கதிர்வீச்சு குறையும் என்று பலர் எதிர்பார்த்தார்கள், அது கூடியது. வானத்திலிருந்து ஏதோ வருகிறது என்று அப்போது தெரிந்தது. அதைத்தான் இன்று காஸ்மிக் கதிர் என்கிறோம். பெரும்பாலும் புரோட்டான்களான இவை காற்று மண்டலத்தின் மேல் பகுதியில் மோதி வேறு துகள்களாக உடைகின்றன. அவற்றில் நம் வீடு வரை வந்து சேர்வது பெரும்பாலும் மியூவான். கடல் மட்டத்தில், படுக்கை வாட்டமான ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் கடக்கிறது. நாம் பயன்படுத்தப் போகும் குழாய் மேலிருந்து பார்த்தால் 1 செ.மீ. அகலம், சுமார் 9 செ.மீ. நீளம். ஆக அதன் வழியாக நிமிடத்துக்கு எட்டு, ஒன்பது மியூவான்கள் போகும்.

அந்தக் குழாய் சாதாரண அறையில் நிமிடத்துக்கு 20 முதல் 25 வரை எண்ணும். அதாவது கேட்கும் ஒலியில் மூன்றில் ஒரு பங்கு வானத்திலிருந்து வருகிறது. மீதி சுவர், தரை, காற்று. கருங்கல் அதிகமுள்ள வீட்டில் இந்த மீதி இன்னும் கூடும்.

பொருள்கள்

குழாய்: எஸ்பிஎம்-20. சோவியத் காலத்துக் குழாய், மெல்லிய எஃகு உறை, 108 மி.மீ. நீளம், 400 வோல்ட்டில் வேலை செய்யும். பீட்டா, காமா கதிர்களை எண்ணும், துளைக்கும் வலு குறைந்த ஆல்ஃபா கதிர் உள்ளே நுழையாது. இப்போதும் பழைய சரக்கு இணையத்தில் விற்கிறார்கள். ஜே305 என்ற சீனக் கண்ணாடிக் குழாய் விலை குறைவு. ஆனால் கண்ணாடிக் குழாய்களில் சில, வெளிச்சம் பட்டாலே பொய்யாக எண்ணும். கருப்பு டேப் சுற்றிவிடுங்கள். இரண்டு குழாய்கள் தேவை என்பதால் ஒரே வகையில் இரண்டாக வாங்குங்கள்.

மற்றவை எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் முடியும்: 555 ஐசி, 100 மில்லி ஆம்பியர் தாங்கும் 10 மில்லிஹென்றி காயில், ஐஆர்எஃப்840 மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தை விட்டு நிறுத்தும் மின்னணுச் சுவிட்ச்), யூஎஃப்4007 டையோடு, 1 கிலோவோல்ட் தாங்கும் 10 நானோஃபாரட் கண்டன்சர் இரண்டு, 100 வோல்ட் ஜீனர் நான்கு, 4.7 மெகாஓம் ரெசிஸ்டர் இரண்டு, பிசி547 டிரான்சிஸ்டர் இரண்டு, ஃபியூஸ் கிளிப் நான்கு, ஆர்டுயினோ யூனோ என்னும் சிறு கணினிப் பலகை ஒன்று. டையோடு கேட்கும்போது "1என்4007 இருக்கு, அதுவும் இதுவும் ஒண்ணுதான்" என்று கடையில் சொல்வார்கள். வாங்காதீர்கள். அது மெதுவான டையோடு, இந்த வேகத்துக்கு மின்னழுத்தம் ஏறாது.

400 வோல்ட்டை உருவாக்குதல்

கொசு பேட்டைப் பிரித்து அந்தப் போர்டை எடுத்துக்கொள்ளலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். அது ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடியது. குழாய் தொடர் மின்னிறக்கத்துக்குப் போய் நிமிடங்களில் பாழாகும், அதில் உள்ள கண்டன்சர் உங்கள் விரலையும் சும்மா விடாது. வீட்டு 230 வோல்ட் மின்சாரத்திலிருந்து எடுப்பதை யோசிக்கவே வேண்டாம்.

நாம் செய்வது இது. 9 வோல்ட் அடாப்டர். 555 ஐசியை நொடிக்கு ஆயிரம் முறை போலத் துடிக்கும்படி அமைத்து, அதன் வெளியீட்டை மாஸ்ஃபெட்டின் 'கேட்' என்னும் காலுக்குக் கொடுங்கள். காயிலின் ஒரு முனை 9 வோல்ட்டில், மறுமுனை மாஸ்ஃபெட்டின் 'டிரெயின்' என்னும் காலில். மாஸ்ஃபெட் திறந்திருக்கும் 50 முதல் 100 மைக்ரோநொடிக்குள் காயிலில் மின்னோட்டம் ஏறும். சட்டென்று மூடியதும் அந்த ஆற்றல் போக வழியின்றி, டிரெயினில் சில நூறு வோல்ட்டாக எம்பும். டையோடு வழியாக அது கண்டன்சரில் சேர்கிறது. கண்டன்சருக்கு இணையாக நான்கு ஜீனர்களைத் தொடராக வைத்தால், 400 வோல்ட்டை ஒட்டி அவை கடத்தத் தொடங்கி, அதற்கு மேல் ஏறவிடாது. 555-இல் ஒரு சிறு பிரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்துத் துடிப்பின் அகலத்தை மாற்றிக்கொள்ள வழி செய்யுங்கள். 5 வோல்ட்டில் இதை ஓட்டப் பார்க்காதீர்கள், ஐஆர்எஃப்840-இன் கேட் அந்த அழுத்தத்தில் சரியாகத் திறக்காது.

இந்தக் கண்டன்சரில் சேரும் ஆற்றல் ஒரு மில்லிஜூலுக்கும் குறைவு. தொட்டால் சுருக்கென்று இருக்கும், பயந்து கையை இழுப்பதில்தான் வேறு ஏதாவது உடையும். அணைத்ததும் ஒரு மெகாஓம் ரெசிஸ்டரால் கண்டன்சரின் இரு முனைகளையும் தொட்டு வடித்துவிட்டுக் கைவையுங்கள்.

பிரெட்போர்டில் இந்தப் பகுதியைக் கட்டாதீர்கள். டாட் போர்டில் சால்டர் செய்யுங்கள், 400 வோல்ட் போகும் தடத்துக்கு அருகில் சில துளைகளைக் காலியாக விடுங்கள். சால்டர் செய்தபின் ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸ் என்ற பிசினை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் கொண்டு சுத்தமாகத் துடையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த மின்வழங்கி கொடுப்பது வெறும் மைக்ரோ ஆம்பியர்கள். ஐப்பசி ஈரத்தில் ஃபிளக்ஸ் படிந்த போர்டு வழியாக அது அப்படியே கசிந்துபோகும். பகலில் ஒழுங்காக எண்ணிய கருவி மழை இரவில் ஊமையாகிவிட்டதென்று ஒரு வாரம் குழாயைச் சந்தேகித்தேன். குற்றவாளி போர்டின் பழுப்புக் கறைதான்.

மின்னழுத்தத்தை அளப்பது

மல்டிமீட்டரை நேராக வைத்தால் பொய் சொல்லும். அதன் உள்தடை பெரும்பாலும் 10 மெகாஓம், நம் மெல்லிய மின்வழங்கிக்கு அதுவே பெரிய சுமை. 400 வோல்ட் இருக்கும் இடத்தில் 200 என்று காட்டும். உடனே நீங்கள் பிரீசெட்டைத் திருகி ஏற்றுவீர்கள், அப்புறம் மீட்டரை எடுத்தவுடன் குழாய்க்கு அளவுக்கு மீறிய அழுத்தம் போகும்.

100 மெகாஓம் ரெசிஸ்டர் பத்தை வரிசையாகச் சால்டர் செய்து, ஒரு பிளாஸ்டிக் பேனாக் குழாய்க்குள் விட்டு மூடுங்கள். அதன் வழியாக மல்டிமீட்டரை வையுங்கள். மீட்டர் காட்டுவதை 101-ஆல் பெருக்கினால் உண்மையான வோல்ட். 400 வோல்ட்டுக்கு மீட்டரில் 3.96 வர வேண்டும். ரெசிஸ்டர்களை வெறும் விரலால் தொட்டிருந்தால் அவற்றையும் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். விரல் ரேகையின் உப்பே இந்த அளவீட்டைக் கெடுக்கும்.

குழாயை மாட்டுதல்

குழாயின் மேல் நேரடியாகச் சால்டரிங் இரும்பை வைக்கக் கூடாது, உள்ளே அடைத்த வாயு கசிந்துவிடும். ஃபியூஸ் கிளிப்பில் பொருத்துங்கள். குழாயில் உள்ள கூட்டல் குறியைப் பாருங்கள், அதுதான் நேர்முனையான ஆனோடு. 400 வோல்ட் முனையிலிருந்து 4.7 மெகாஓம் வழியாக ஆனோடுக்கு இணைப்பு. அந்த ரெசிஸ்டர் ஆனோடு கிளிப்பை ஒட்டியே இருக்கட்டும். நடுவில் நீண்ட கம்பி போட்டால் அதன் மின்தேக்கம் துடிப்பைக் கெடுக்கும்.

குழாயின் மறுமுனையான கேத்தோடிலிருந்து 100 கிலோஓம் தரைக்கு, அதாவது சுற்றின் 0 வோல்ட் கம்பிக்கு. அதே கேத்தோடிலிருந்து 10 கிலோஓம் வழியாக பிசி547-இன் பேஸுக்கு. எமிட்டர் தரையில், கலெக்டர் 10 கிலோஓம் வழியாக ஆர்டுயினோவின் 5 வோல்ட்டுக்கு. கலெக்டரையே ஆர்டுயினோவின் 2-ஆம் பின்னுக்கும் இணைத்துவிடுங்கள். குழாய்க்குள் துகள் நுழைந்ததும் வாயு மின்னிறக்கம் அடைந்து, டிரான்சிஸ்டர் ஒரு கணம் கடத்தி, அந்த 2-ஆம் பின்னின் மின்னழுத்தம் 5 வோல்ட்டிலிருந்து கீழே விழும். நிரலில் அந்த இறங்கு விளிம்புக்கு இண்டரப்ட் (பின்னின் நிலை மாறியதும் நிரலை உடனே அழைக்கும் வசதி) வைத்து, ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையில் ஒன்று கூட்டுங்கள். ஒரு துடிப்புக்குப் பின் 300 மைக்ரோநொடிக்கு வரும் எதையும் கண்டுகொள்ளாதபடி எழுதுங்கள். எஸ்பிஎம்-20 ஒரு துடிப்புக்குப் பின் சுமார் 190 மைக்ரோநொடி உறங்கும், அதற்குள் வரும் அதிர்வு எல்லாம் இரைச்சல்.

மின்னழுத்தம் சரிதானா என்று பார்க்க ஒரு மாலை செலவழியுங்கள். ஜீனர்கள் மேல் எல்லையைக் காத்துக்கொள்ளும். பிரீசெட்டைத் திருகி 300 வோல்ட்டிலிருந்து 25, 25 வோல்ட்டாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஐந்து நிமிடம் எண்ணுங்கள். முதலில் எதுவும் வராது, பிறகு திடீரென்று எண்ணிக்கை ஏறும், 350-க்கு மேல் சமதளம் போல நிலைக்கும். அந்தச் சமதளத்தில், 400-ஐ ஒட்டி நிறுத்துங்கள். அங்கே இருந்தால் மின்னழுத்தம் பத்து வோல்ட் ஆடினாலும் எண்ணிக்கை பெரிதாக மாறாது.

எதை வைத்துச் சோதிப்பது

உரக்கடைக்குப் போய் ஒரு கிலோ பொட்டாஷ் வாங்குங்கள். பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு பொட்டாசியம்-40, இயற்கையான கதிரியக்கம் உள்ளது. ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்கு ஏறத்தாழ 31 அணுக்கள் சிதைகின்றன. உரத்தின் எடையில் பாதி பொட்டாசியம் என்பதால் ஒரு கிலோ பையில் நொடிக்குப் பதினைந்தாயிரம் சிதைவுகளுக்கு மேல் நடக்கின்றன. நம் உடம்பிலேயே நொடிக்கு நாலாயிரம் போல நடக்கிறது, அதனால் பயப்பட ஒன்றுமில்லை. அதன் பீட்டா கதிர் குழாயின் எஃகு உறையைத் துளைக்கும் அளவு வலியது.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிரியக்கம் உள்ள தோரியம் இருக்கிறது. கருவியோடு அங்கே போய் நின்று எண்ணுங்கள், வியந்துபோவீர்கள். ஆனால் மணலை அள்ளி வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அது அணுசக்திச் சட்டத்தின் கீழ் வரும் கனிமம். பெட்ரோமாக்ஸ் மேண்டிலிலும் தோரியம் இருக்கலாம், ஆனால் அது தூளாகி மூச்சில் போகும் பொருள், உறையைப் பிரிக்காதீர்கள். புகை உணரியைப் பிரித்து உள்ளே இருக்கும் அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருளை எடுப்பது சட்டப்படியும் உடல்நலப்படியும் தவறு. அதன் ஆல்ஃபா கதிர் இந்தக் குழாய்க்குள் நுழையவும் நுழையாது.

எண்ணிக்கையை எப்படி நம்புவது என்பதுதான் இங்கே மிக முக்கியம். பொட்டாஷ் இல்லாமல் பத்து நிமிடத்தில் 220 எண்ணினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பொட்டாஷ் பையைக் குழாயோடு ஒட்டி வைத்து 300. வித்தியாசம் 80. தற்செயலாக எவ்வளவு ஆடும் என்பதற்கு 220-ஐயும் 300-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: சுமார் 23. 80 என்பது அதைப்போல மூன்றரை மடங்கு, எனவே நம்பலாம். ஒரே நிமிடம் மட்டும் எண்ணியிருந்தால் 22-க்கும் 30-க்கும் இடையே வித்தியாசம் 8, ஆட்டம் 7. அதை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது. ஒரு நிமிட எண்ணிக்கை திடீரென 35-க்கு ஏறியதும் பதறிப் படம் பிடித்துப் பகிர்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைச் சொல்லத் தோன்றும். அதே போல மைக்ரோசீவர்ட்டாக (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) மாற்றிக் காட்டும் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். அந்த மாற்றுவிகிதம் குறிப்பிட்ட ஒரு கதிர்மூலத்துக்கு மட்டுமே பொருந்தும். நிமிடத்துக்கு எத்தனை என்ற நேரடி எண்ணிக்கையே உங்கள் அளவு.

பிள்ளைகளோடு செய்ய ஒரு சோதனை: பலூனை ஊதித் தலைமுடியில் நன்றாகத் தேய்த்து, மூடிய அறையில் ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். ரேடான் சிதைந்து பிறக்கும் அணுக்களை அதன் நிலைமின்னூட்டம் இழுத்துக்கொள்ளும். காற்றை மெல்ல இறக்கி, ரப்பரைக் குழாயின் மேல் போர்த்தி, ஐந்து ஐந்து நிமிடமாக எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறியிருக்கும், பிறகு அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் அந்தக் கூடுதல் பாதியாகும். கதிரியக்கச் சிதைவு கண் முன்னே நடக்கும். காற்றில் ஈரம் இருந்தால் மின்னூட்டம் நிற்காது, அதனால் ஏசி அறையிலோ கோடையிலோ செய்யுங்கள். மழை தொடங்கியதும் நனைந்த கார்க் கண்ணாடியை டிஷ்யூவால் துடைத்து எண்ணினாலும் இதே விளைவைப் பார்க்கலாம்.

இரண்டாவது குழாய்

1929-இல் இயற்பியலாளர்கள் வால்டர் போத்தேயும் வெர்னர் கோல்ஹோர்ஸ்டரும் இரண்டு கைகர் குழாய்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, நடுவில் 4.1 செ.மீ. கனமுள்ள தங்கக் கட்டியை வைத்தார்கள். இரண்டு குழாய்களும் சேர்ந்து துடிப்பது நின்றுவிடும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது, முக்கால் பங்கு தொடர்ந்து வந்தது. தங்கத்தையே துளைத்துப் போகும் மின்னூட்டத் துகள்! மறு ஆண்டு இயற்பியலாளர் புரூனோ ரோஸ்ஸி வெற்றிடக் குழாய்களால், உடன்நிகழ்வை (இரண்டும் ஒரே கணத்தில் துடிப்பதை) தானே எண்ணும் மின்சுற்றை உருவாக்கினார். அவர் அரும்பாடுபட்டுச் செய்ததை நம் ஆர்டுயினோ இரண்டு இண்டரப்ட்களால் செய்துவிடும்.

இரண்டாம் குழாய்க்குத் தனி 4.7 மெகாஓம், தனி 100 கிலோஓம், தனி டிரான்சிஸ்டர். வெளியீடு 3-ஆம் பின்னுக்கு. 400 வோல்ட் ஒரே மூலத்திலிருந்து வரலாம், ஆனால் இரண்டாவது குழாய்க்குப் பிரியும் இடத்தில் ஒரு மெகாஓம் ரெசிஸ்டரும் இன்னொரு 10 நானோஃபாரட் கண்டன்சரும் வைத்துப் பிரியுங்கள். நிரலில், ஒவ்வொரு இண்டரப்ட்டிலும் மைக்ரோநொடி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரு நேரங்களுக்கும் வித்தியாசம் 100 மைக்ரோநொடிக்குள் இருந்தால் உடன்நிகழ்வு ஒன்று. யூனோவின் கடிகாரம் 4 மைக்ரோநொடிப் படிகளில் நகரும், நமக்கு அது தாராளம்.

குழாய்களை இணையாக, மையத்திலிருந்து மையத்துக்கு 2 செ.மீ. இடைவெளியில், ஒன்றின் நேர் மேலே மற்றொன்றாக மரச்சட்டத்தில் பொருத்துங்கள். இப்போது நிமிடத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு உடன்நிகழ்வுகள் வர வேண்டும். 25, 25 என்று ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் அடங்கி, இந்த ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சும். முதல்முறை இதைப் பார்த்தபோது நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

தற்செயலாக இரண்டு குழாய்களும் ஒரே சமயம் துடிக்காதா? கணக்குப் போடலாம். இரு குழாய்களின் வீதங்களையும் பெருக்கி, அதை 100 மைக்ரோநொடியின் இரு மடங்கால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 25 என்றால் ஒரு நாளைக்கு வெறும் மூன்று. நமக்கு வருவதோ நாளுக்கு ஆயிரக்கணக்கில்.

ஆனாலும் இரண்டு சோதனைகளைச் செய்யாமல் மியூவான் என்று சொல்லாதீர்கள். ஒன்று: குழாய்களைப் பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். உடன்நிகழ்வு ஏறக்குறைய நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் ஒரு குழாயின் துடிப்பு மின்வழங்கி வழியாக மற்றதைத் தூண்டுகிறது, பிரிப்புக் கண்டன்சரையும் தரைக் கம்பியையும் பாருங்கள். இரண்டு: மறுபடி மேலும் கீழுமாக வைத்து, நடுவில் 5 மி.மீ. இரும்புத் தகட்டைச் செருகுங்கள். பொட்டாசியமோ ரேடான் வழித்தோன்றல்களோ விடும் பீட்டா எலெக்ட்ரான் இதைத் தாண்டாது. மியூவானுக்கு இது காகிதம், சராசரியாக 4 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் (அதாவது 4,000 மெகா எலெக்ட்ரான் வோல்ட்) ஆற்றலோடு வரும் அது ஒரு சென்டிமீட்டர் இரும்பில் இழப்பது வெறும் 11 மெகா எலெக்ட்ரான் வோல்ட் போலத்தான். தகடு வைத்தும் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லையா, சரி, உங்கள் கையில் இருப்பது ஒரு மியூவான் தொலைநோக்கி.

அதை வைத்து என்ன செய்யலாம்

குழாய்களின் நீள அச்சைச் சுற்றிச் சட்டத்தைச் சாய்த்து, நேர் மேலே, 30, 60, 90 டிகிரி என்று ஒவ்வொன்றிலும் ஒரு முழு நாள் எண்ணுங்கள். சாயச்சாயக் குறையும், ஏனென்றால் சாய்ந்து வரும் மியூவான் அதிகக் காற்றைக் கடக்க வேண்டும். கோட்பாட்டின்படி 60 டிகிரியில் கால் பங்கு. நம் குழாய்கள் நெருக்கமாக இருப்பதால் பல கோணங்களைச் சேர்த்துப் பார்க்கும், வீழ்ச்சி அந்த அளவு கூர்மையாக வராது. இடைவெளியை 10 செ.மீ. ஆக்கினால் கோணம் கூர்மையாகும், ஆனால் சில நிமிடங்களுக்கு ஒன்றுதான் வரும். பொறுமை உங்களுடையது.

தரைத்தளத்திலும் மொட்டை மாடியிலும் ஒவ்வொரு நாள் வையுங்கள். ஒற்றைக் குழாயின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும், மாடியைவிட வீட்டுக்குள் கூடுதலாகக்கூட இருக்கலாம், சுவரே ஒரு கதிர்மூலம் என்பதால். உடன்நிகழ்வோ இரண்டு தளங்களின் கான்கிரீட்டைத் தாண்டியும் சிறிதளவே குறையும்.

இந்த மியூவான் நம் வீட்டுக்கு வந்து சேர்வதே ஒரு விந்தை. அதன் ஆயுள் 2.2 மைக்ரோநொடி. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும், பிறந்ததோ 15 கிலோமீட்டர் உயரத்தில். நம் கடிகாரத்தில் பார்க்கும்போது அதன் காலம் மெதுவாக ஓடுவதால் மட்டுமே அது தரையைத் தொடுகிறது. உங்கள் மேசையில் ஒலிக்கும் ஒவ்வொரு உடன்நிகழ்வும் ஐன்ஸ்டீனின் சார்பியலுக்கு ஒரு சாட்சி.

ஊட்டிக்குப் போகிறவர்கள் கருவியை எடுத்துப் போங்கள். 2,200 மீட்டர் உயரத்தில் எண்ணிக்கை கூடுவதை ஒரே இரவில் காணலாம். அதே மலையில்தான் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே 3,712 வாயுக் குழாய்கள், ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம், நான்கு அடுக்குகளாக, அடுக்குகளுக்கு நடுவே கான்கிரீட். எஃகுக் குழாய், வாயு, உயர் மின்னழுத்தம், அடுக்குகளின் உடன்நிகழ்வு: நாம் மரச்சட்டத்தில் கட்டியதன் பெரிய அண்ணன். 2014 டிசம்பர் 1 அன்று அவர்கள் மேலே ஒரு இடிமேகம் வந்தபோது மியூவான் எண்ணிக்கை சிறிது சரிந்தது. அந்தச் சரிவை மட்டும் வைத்தே மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததென்று கணக்கிட்டு, 2019-இல் வெளியிட்டார்கள்.

நம் இரு குழாய்களால் இடிமேகத்தை அளக்க முடியாது. நாளுக்கு 2,000 எண்ணினால் ஆட்டம் 45, அதாவது இரண்டு சதவீதத்துக்கு மேல். ஆனால் காற்றழுத்தம் கூடினால் மியூவான் குறையும் என்பதைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. ஒரு சிறு அழுத்த உணரியை ஆர்டுயினோவோடு சேர்த்து, புயல் சின்னம் உருவாகும் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் முழுவதும் ஓடவிடுங்கள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி: தேதி, நேரம், மேல் குழாய், கீழ்க் குழாய், உடன்நிகழ்வு, அழுத்தம், அறை வெப்பம், 400 வோல்ட்டின் அப்போதைய அளவு. மின்வெட்டு வந்து கருவி மீண்டும் தொடங்கிய மணியை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.